முகங்களைத் திருத்தும் கருவி

கருவியைத் தேர்ந்தெடுப்பது அறநெறி சார்ந்த செயல் என்று நாம் பொதுவாக எண்ணுவதில்லை. உளி வாங்கும் தச்சர் அதன் கூர்மையையும் விலையையும் பார்க்கிறார். மண்வெட்டி வாங்கும் உழவர் இரும்பைத் தட்டிப் பார்க்கிறார். கருவியின் குணம் வேறு, அதைப் பிடித்த கையின் குணம் வேறு என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் சில கருவிகளை நாம் எவ்வழியில் பெறுகிறோம் என்பதிலும், அவை நம் கைக்கு எப்பழக்கத்தைக் கற்றுத்தருகின்றன என்பதிலும் நம் மனச்சான்று சோதிக்கப்படுகிறது. நிழற்படங்களைக் கணிப்பொறியில் திருத்த உதவும் மென்பொருள் அத்தகைய ஒரு கருவி.

தாயில்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் கேமரா வைத்திருக்கும் இளைஞர்கள் இன்று உண்டு. வார நாள்களில் பட்டாசு ஆலைக்கோ சிவகாசி அச்சகத்திற்கோ வேலைக்குச் செல்கிறவர்கள் அவர்கள். ஓய்வு நாள் வந்தால் கரிசல் காட்டின்மேல் திரளும் மேகத்தையும், வைப்பாற்றின் மணலையும், ஊர்த் திருவிழாவையும் படம் பிடிக்கிறார்கள். படம் எடுத்தபின் அதற்கு ஒளி கூட்டவும், நிறம் சீராக்கவும், வேண்டாததை நீக்கவும் ஒரு மென்பொருள் தேவைப்படுகிறது. எதை வாங்குவது? எது நல்லது? இது கடைக்காரரிடம் கேட்டு முடித்துக்கொள்ள வேண்டிய கேள்விபோலத் தோன்றலாம். சற்று ஆழ்ந்து நோக்கினால், இதற்குள் இரண்டு கடன்கள் அடங்கியிருப்பதைக் காண்போம். ஒன்று, கருவியைச் செய்தவருக்கு நாம் பட்ட கடன். மற்றொன்று, படத்தில் இருக்கும் முகத்திற்கு நாம் பட்ட கடன்.

அன்பினால் செய்பவர்

பொருளுக்காக அன்றி விருப்பத்திற்காக ஒரு கலையைப் பயில்பவரை ஐரோப்பிய மொழிகள் 'அமெச்சூர்' என்கின்றன. 'அன்பு செய்பவர்' என்னும் பொருளுடைய 'அமாத்தோர்' என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். நம் பேச்சில் இச்சொல் 'அரைகுறை' என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. உண்மையில் அது உயர்ந்த சொல். தொழில்முறைக் கலைஞருக்கு வாடிக்கையாளரின் விருப்பம் உண்டு. நாளைக் காலைக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடி உண்டு. அன்பினால் செய்பவருக்கோ இவை எதுவும் இல்லை. அவர் தம் விருப்பப்படி எடுக்கலாம், விரும்பாததை விடலாம். இந்தச் சுதந்திரம் அவருக்குப் பெருமை. அதே சுதந்திரம் அவரது பொறுப்பையும் கூட்டுகிறது. 'பிழைப்புக்காகச் செய்தேன்' என்ற சாக்கு அவருக்கு இல்லை.

கருவியைச் செய்தவருக்குப் பட்ட கடன்

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் இரு சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் மென்பொருளை அடோபி நிறுவனம் 1990ஆம் ஆண்டு வெளியிட்டது. அச்சுலகையே அது மாற்றியமைத்தது. நாள்காட்டியும் தீப்பெட்டிச் சிட்டையும் பட்டாசுப் பெட்டியின் வண்ண அட்டையும் அச்சிடும் சிவகாசிக்கு அதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பெல்லாம் ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அந்தப் பதிப்பை நெடுங்காலம் பயன்படுத்தலாம். 2013இல் அந்நிறுவனம் தன் முறையை மாற்றி, புதிய பதிப்புகளைச் சந்தா கட்டுவோருக்கு மட்டுமே தருவதாக அறிவித்தது. அதாவது, மென்பொருள் விற்பனைப் பொருளாக இருந்த நிலை போய், வாடகை வீடுபோல் ஆயிற்று.

இந்நிலையில் நம் ஊர்களில் பலர் மேற்கொள்ளும் வழி நாம் அறிந்ததே. பூட்டு உடைக்கப்பட்ட பிரதியை யாரேனும் ஒருவர் பென் டிரைவில் கொண்டுவருகிறார். பத்துப் பேர் தம் கணிப்பொறியில் ஏற்றிக்கொள்கிறார்கள். கேட்டால் மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன. 'அவ்வளவு பெரிய நிறுவனத்திற்கு இதனால் என்ன குறைந்துவிடப் போகிறது?' என்பது ஒன்று. 'எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்பது இரண்டாவது. 'நாள்கூலிக்கு வேலை செய்கிற நான் மாதச் சந்தாவுக்கு எங்கே போவேன்?' என்பது மூன்றாவது.

முதல் இரண்டு நியாயங்களையும் நம் ஊர்த் தொழிலைக் கொண்டே உரசிப் பார்க்கலாம். ஒருவர் பல்லாண்டு உழைத்துத் தம் பட்டாசுக்கு நற்பெயர் சேர்த்திருக்கிறார். வேறொருவர் அதே சிட்டையை அச்சிட்டுத் தம் பெட்டியில் ஒட்டி விற்கிறார். முதலாமவர் பணக்காரர், அவருக்கு ஒன்றும் குறையாது, சந்தையில் எல்லாரும் இப்படித்தான் என்று நாம் சும்மா இருப்போமா? இருக்கமாட்டோம். காகிதத்தில் அச்சிட்ட சிட்டைக்கு உள்ள நியாயம், கண்ணுக்குத் தெரியாத நிரலுக்கும் உண்டு. உழைப்பைக் கையால் தொட முடியவில்லை என்பதனால் அது உழைப்பு அல்லாமல் போய்விடாது.

மூன்றாவது நியாயம் சற்றுக் கனமானது. ஏழையின் குரலை எளிதாகத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. கடும் தேவையில் உயிர் காக்கப் பிறர் பொருளை எடுப்பவர் திருடியவர் ஆகார் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் தெளிவாகவே வாதிடுகிறார். பசித்தவனுக்கு முன் சொத்துரிமை தலைதாழ்த்த வேண்டும் என்பது நம் மரபின் உறுதியான நிலைப்பாடு. ஆனால் அந்த விதி உணவுக்கும் உறைவிடத்திற்கும் உரியது. மேகத்தின் நிறத்தை அழகாக்குவதற்கு உரியது அன்று. மேலும், வேறு வழியே இல்லாதபோதுதான் அது பொருந்தும். இங்கே வேறு வழி உண்டு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம்கூட இவ்விடத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காண்கிறது. 1957ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 63ஆ பிரிவு, திருட்டுப் பிரதி என்று அறிந்தே ஒரு கணிப்பொறி மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்திற்காகப் பயன்படுத்தவில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டால், நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்கு மேற்படாத தண்டத்தோடு விடலாம். சட்டம் கனிவு காட்டுகிறது. ஆனால் செயலைச் சரி என்று சொல்லவில்லை. குற்றத்தின் அளவு குறைவதும் குற்றமே இல்லாமற்போவதும் ஒன்றல்ல.

கொடையாக வந்த கருவிகள்

வேறு வழி என்றோம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1996இல் 'ஜிம்ப்' என்னும் படத்திருத்த மென்பொருளை வெளியிட்டார்கள். அதை யாரும் விலையின்றிப் பெறலாம், பிரதி எடுத்து அயலாருக்குக் கொடுக்கலாம், அதன் உட்கூறுகளைப் படித்து மாற்றியும் அமைக்கலாம். இத்தகைய உரிமைகளை உறுதிசெய்யும் பொது உரிமத்தின்கீழ் அது இன்றும் வளர்ந்து வருகிறது. அதன் மூன்றாம் பெரும்பதிப்பு 2025இல் வந்தது. கேமரா பதியும் மூலக்கோப்புகளைப் பதப்படுத்துவதற்கென்றே 2009 முதல் 'டார்க்டேபிள்' உள்ளது. 'ராதெரபி' என்ற மற்றொன்றும் உள்ளது. இவற்றைப் பெறப் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. கதவு திறந்தே இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பட்டாசுத் தொழிலாளர் வீடுகளுக்கும் கணிப்பொறியைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸோடு, நம் நாட்டின் சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கையில் கிடைத்த கொடையைப் பயன்படுத்தாமல், பூட்டிய வீட்டின் சாவியைத் தேடியலைந்தோம் என்பது எண்ணத் தக்கது.

நேர்மையாகப் பேசுவதானால் குறைகளையும் சொல்ல வேண்டும். இக்கருவிகளைக் கற்பது எளிதன்று. தமிழில் வழிகாட்டுவோர் அருகில் கிடைப்பது அரிது. அச்சகத்திற்கு வேண்டிய நான்கு நிறப் பிரிப்பில் ஃபோட்டோஷாப் தரும் வசதி ஜிம்ப்பில் இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை. ஆகவே, அச்சுத் தொழிலில் பொருளீட்டுபவர் விலை கொடுத்து அதை வாங்குவதே முறை. ஈட்டும் வருவாயில் கருவிக்கும் ஒரு பங்கு உண்டு. விருப்பத்திற்காகப் படம் எடுப்பவருக்கு அந்தத் தேவை பெரும்பாலும் இல்லை. வசதியுள்ளவர் சந்தா கட்டுவதில் தவறேதும் இல்லை. ஆனால் அவரும் ஒன்றைச் சிந்திக்கட்டும். சந்தா நின்றால் தம் பழைய படங்களின் திருத்தங்களை மீண்டும் கைவைத்து மாற்ற இயலாமற்போகும். தம் வாழ்நாள் படங்களைத் திறக்கும் சாவி பிறர் கையில் இருக்கலாமா என்று கேட்டுக்கொள்வது விவேகம்.

இலவசமாய்ப் பெற்றதும் கடனே. அதைப் பணத்தால் தீர்க்க முடியாது. கற்றதை அடுத்தவருக்குக் கற்றுத்தந்துதான் தீர்க்க முடியும். ஊரில் ஒருவர் டார்க்டேபிளை முயன்று கற்று, மற்ற நால்வரை உட்கார வைத்துத் தமிழில் சொல்லிக்கொடுத்தால், அந்தக் கடனில் ஒரு பகுதி அடைந்துவிடும்.

முகத்திற்குப் பட்ட கடன்

திருத்துவது கணிப்பொறியோடு பிறந்த வழக்கம் அன்று. ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்களில் 'டச்சிங்' செய்பவர் என்று ஒருவர் இருப்பார். நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் மெல்லத் தீற்றி, அம்மைத் தழும்பை மறைப்பார், கண்ணோரச் சுருக்கத்தைத் தளர்த்துவார். இன்னொரு பக்கம், 1976இல் மறைந்த கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டைய ராஜுவும் அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வ உருவங்கள் சிவகாசி நாள்காட்டிகளின் வழியே தமிழகத்து வீடுகளை நிறைத்தன. குறையே இல்லாத முகங்கள் அவை. அவற்றைப் பார்த்து எவரும் ஏமாறவில்லை. ஏனெனில், 'இப்படி ஒருவர் என் முன் நின்றார்' என்று ஓவியம் சான்று பகர்வதில்லை. நிழற்படமோ பகர்கிறது. ஓவியம் கற்பனையின் மொழி. நிழற்படம் சாட்சியின் மொழி. அதனால்தான் ஓவியருக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு நிழற்படக்காரருக்கு உண்டு.

இக்கட்டுப்பாட்டைப் பெரிய இதழ்களே மீறியதுண்டு. 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழ் தன் அட்டையின் அளவுக்குப் பொருந்துமாறு எகிப்தின் பிரமிடுகளைக் கணிப்பொறியால் நெருக்கி வைத்தது. 1994 ஜூனில் 'டைம்' வார இதழ், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தைக் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே படத்தை மாற்றாமல் வெளியிட்ட 'நியூஸ்வீக்' அட்டை கடையில் பக்கத்திலேயே தொங்கியதால் வேறுபாடு உலகுக்கு வெளிப்பட்டது. அன்று அது வல்லுநர் சிலருக்கே கைவந்த வித்தை. 2023இல் ஃபோட்டோஷாப்பிற்குள்ளேயே செயற்கை நுண்ணறிவு நுழைந்தபின், இல்லாத ஆளை வரவழைப்பதும் இருந்த ஆளை மறைப்பதும் ஒரு வரி எழுதினால் நடக்கும் செயலாகிவிட்டன.

அப்படியானால் எல்லை எது? ஒளி குறைந்த படத்திற்கு ஒளி கூட்டுவது கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பது போன்றது. அதில் பொய் இல்லை. கோணலைச் சரிசெய்வதும் அவ்வாறே. படத்தைப் பார்த்து நம்புகிற ஒருவர், தமக்கு முக்கியமான ஒன்றில் ஏமாற்றப்படுகிறாரா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஏமாற்றப்படுவார் எனில், அத்திருத்தம் எவ்வளவு அழகாய் இருப்பினும் பொய்ச்சான்று ஆகிறது.

கடினமான ஒரு வேளை

இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டபின், நம் மண்ணில் இக்கேள்வி எவ்வளவு கடினமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இவை பேசப்பட்டவை. ஓரிருவர் கருகி மடியும் விபத்துகள் செய்தித்தாளின் ஒரு மூலையோடு முடிந்துவிடுகின்றன. இத்தகைய இழப்பு நேர்ந்த வீட்டில், மாலையிட்டு மாட்ட ஒரு படம் வேண்டும். இறந்தவர் வாழ்நாளில் தனியாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டிராதவராக இருக்கலாம். அடையாள அட்டையில் தபால்தலை அளவு முகமும், யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தின் ஓரத்தில் நின்ற உருவமும்தான் மிச்சம். அதை எடுத்துக்கொண்டு உறவினர் வருவது ஸ்டுடியோவுக்கு மட்டுமன்று. "தம்பி, ஒனக்குத்தான் கம்ப்யூட்டர்ல இதெல்லாம் தெரியும்னாங்க. எங்கம்மா படம் இது ஒண்ணுதான் இருக்கு. கொஞ்சம் பெருசாக்கி, நல்லாப் பண்ணிக் குடுப்பா" என்று தெருவில் கேமரா வைத்திருக்கும் பிள்ளையிடமும் வருகிறார்கள்.

'நல்லாப் பண்ணி' என்பதன் பொருள் என்ன? பட்டுப்புடவை உடுத்தியதுபோல் மாற்றலாம். சேர்ந்து படமெடுத்திராத கணவனையும் மனைவியையும் அருகருகே நிறுத்தலாம். பழைய விபத்தில் கன்னத்தில் விழுந்த தீக்காயத் தழும்பை நீக்கலாம். மருந்து கலக்கும் கைகளில் ஊறிப்போன அலுமினியப் பொடியின் வெள்ளிப் பூச்சைக் கழுவிவிடலாம். திருத்துபவருக்கு இவையெல்லாம் சில நிமிட வேலை.

இது பொய்யா? ஆம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் எவரும் ஏமாறவில்லை. தழும்பு இருந்ததை மகள் அறிவாள். பட்டுப்புடவை இல்லை என்பதையும் அறிவாள். தாய் வாழ்நாளில் பெறாத ஒரு மதிப்பை இறந்தபின்னாவது கொடுத்துப் பார்க்க விரும்புகிறாள். அது அன்பின் செயல். அதற்கு உதவுவது இரக்கத்தின் செயல்.

ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தின்முன் நிற்கும் பேரனை எண்ணிப் பார்ப்போம். அவனுக்கு வேறு நினைவு இல்லை, படம்தான் பாட்டி. வழவழப்பான கன்னமும் பட்டும் சுத்தமான கைகளும் உடைய ஒரு பெண்ணை அவன் காண்பான். எந்த உழைப்பு தன் தந்தையைப் படிக்க வைத்தது, எந்த நெருப்பு அவளைத் தொட்டது என்பதை அப்படம் அவனுக்குச் சொல்லாது. அந்தத் தழும்பு அழகுக் குறை மட்டும் அன்று. ஒரு தொழில் ஒரு பெண்ணின் உடலில் எழுதிச்சென்ற வரலாறு அது. சில வேளைகளில் அநீதிக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்றும் அதுவே. அதைத் துடைப்பது மகளுக்கு ஆறுதல், ஊருக்கு மறதி.

இரக்கம் ஒருபுறம், உண்மை மறுபுறம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டுமா? இங்கேதான் கருவியின் தன்மை நமக்குத் துணைவருகிறது. லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருள்கள் கேமரா பதிந்த மூலக்கோப்பைத் தொடுவதே இல்லை. நாம் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் தனியே ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்கின்றன. எந்நாளும் திரும்பிச் சென்று பழையதைக் காணலாம். ஃபோட்டோஷாப்பிலும் ஜிம்ப்பிலும் அடுக்கு அடுக்காகத் திருத்தும் வசதி உண்டு. ஆயினும், கவனமின்றிச் சேமித்தால் மூலத்தின்மேலேயே எழுதிவிட அவை இடந்தருகின்றன. எனவே, அவற்றைக் கையாள்பவர் முதலில் ஒரு பிரதி எடுத்து, மூலத்தைத் தனியே காத்துவைத்தபின் தொடங்க வேண்டும்.

மூலத்தைக் காப்பதன் அருமையைத் தாயில்பட்டியார் தொலைவில் சென்று கற்க வேண்டியதில்லை. அருகே வெம்பக்கோட்டையில், வைப்பாற்றின் கரையில், 2022 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் சுடுமண் உருவங்களும் அங்கே வெளிப்பட்டன. அகழ்வோர் ஒரு பொருளைக் கண்டவுடன் பிடுங்கி எடுப்பதில்லை. கிடந்த இடத்திலேயே, கிடந்த வண்ணமே, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். தோண்டிய மண்ணைப் பழையபடி அடுக்க முடியாது என்பதை அவர்கள் அறிவார்கள். முகத்தைத் திருத்துபவருக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும்.

இவ்வொழுக்கம் ஒருவரின் நற்பெயரையும் காக்கும். 1898 மே 28 அன்று துரின் நகரத் திருச்சீலையை முதன்முதலாகப் படமெடுத்த செகோந்தோ பியா தொழிலால் வழக்கறிஞர், அன்பினால் நிழற்படக்காரர். நெகட்டிவில் தெளிவாக ஒரு முகம் தோன்றியதும், அவர் படத்தைத் திருத்திவிட்டார் என்று பழி எழுந்தது. 1931இல் ஜுசெப்பே என்ரியே என்னும் தொழில்முறைக் கலைஞர் மீண்டும் எடுத்த படங்களில் அதே உருவம் வந்தபின்பே அப்பழி நீங்கியது. சீலையின் தொன்மை பற்றிய ஆய்வு வேறு. ஒரு நிழற்படக்காரரின் நாணயத்திற்கு அவர் சொல் மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க ஏதேனும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே நாம் இங்குக் கொள்ள வேண்டிய பாடம். நம் காலத்தில் அப்படி மிஞ்சக்கூடியது தொடப்படாத மூலக்கோப்புதான்.

ஆகவே, எந்த மென்பொருள் என்று கேட்கும் இளைஞருக்கு நாம் மூன்று கேள்விகளையே திருப்பித் தருவோம். இதை எவ்வாறு பெற்றேன் என்று எவர் முன்னும் தயங்காமல் சொல்ல முடியுமா? நாளை பணம் கட்ட இயலாதபோதும் என் படங்கள் என் வசம் இருக்குமா? நான் மாற்றியதற்கு முன் இருந்தது எது என்பதை இது காத்துவைக்குமா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று விடைசொல்லும் கருவி எதுவாயினும் அது நல்ல கருவியே. அது விலையின்றியே கிடைக்கிறது என்பது நம் காலத்தின் பேறு.

இறந்த தாயின் படத்தோடு வரும் மகளுக்கு அவள் கேட்டபடியே செய்து கொடுக்கட்டும். பட்டும் இருக்கட்டும், கன்னமும் வழவழப்பாகட்டும். அது அவளுடைய தாய், அவளுடைய சுவர். அதோடு, கிடைத்த பழைய படத்தையும் தொடாமல் ஒரு பிரதி எடுத்து அவள் கையில் கொடுத்து, "இதையும் பத்திரமா வச்சிருங்கக்கா, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். சுவரில் மாட்டும் படம் வீட்டாருக்கு ஆறுதல் தரும். பெட்டியில் இருக்கும் படம், அலுமினியப் பொடி படிந்த அந்தக் கைகள் உழைத்த கைகள் என்பதற்கு என்றும் சான்றாக இருக்கும்.